காஜாவின் பாட்டு

என் தம்பி பொண்டாட்டி பாடினால் தூங்குகிறவன்கூட எழுந்து ஓடிவிடுவான் என்று மேல்வீட்டுக்காரர் ஒருநாள் மாடியில் நின்றபடியே என்னிடம் சொன்னார். அவர் ஓய்வுபெற்ற தபால்காரர். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் படுப்பது வழக்கம். நான் கத்தரிக்கோலைக் கீழே வைக்கக்கூட மறந்து படியேறிப் போய், வாய்க்கு வந்தபடி நாலு வார்த்தை கேட்டுவிட்டு இறங்கினேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் என்று தெருவுக்கே தெரியும். ஆனால் உள்ளதைச் சொன்னால் அவர் சொன்னதில் தப்பில்லை. அது ஆராரோவும் இல்லை, ஆரிரரோவும் இல்லை. அடிவயிற்றிலிருந்து கிளம்பி, மார்பில் உருண்டு, மூக்கு வழியாக வெளியே வருகிற ஒரு 'ம்ம்ம்'. ஏறாது, இறங்காது. நடுவில் இரண்டு முறை விக்கும், பிறகு மறுபடியும் அதே 'ம்ம்ம்'. முதல் தடவை கேட்டபோது யாருக்கோ வயிற்றுவலி என்றுதான் நானும் நினைத்தேன்.

அவளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் இல்லை. தன் பாட்டு எப்படி இருக்கிறது என்று தெரியாமலே பாடினாள். அந்தப் பாட்டை நம்பி நான் செய்த காரியத்தைத்தான் சொல்லப்போகிறேன். சொல்லி என்ன ஆகப்போகிறது என்று கேட்டால், ஒன்றும் ஆகப்போவதில்லை.

நான் தையல்காரி. வீட்டின் முன்னறைதான் கடை. மோட்டார் வைத்த மிஷின் இரண்டு, நடுவில் நீளமாக ஒரு வெட்டுமேஜை, சுவர் முழுக்கத் துணி மூட்டைகள். பத்து வருஷத்துக்கு முன்னால் அவள் வேலை கேட்டு வந்தபோது வயது பத்தொன்பது. காது கேளாதவர்களுக்கான விடுதிப் பள்ளியில் எட்டாவது வரை படித்துவிட்டு, அங்கேயே காஜா எடுக்கவும் கற்றிருந்தாள். பொத்தான் நுழைகிற துளையைச் சுற்றி நூலால் கட்டுவதைத்தான் நாங்கள் காஜா என்போம். மிஷினிலும் எடுக்கலாம், ஆனால் கோட்டுக்குக் கையால் எடுத்தால்தான் அழகு. இவள் எடுத்ததை விரலால் தடவிப் பார்த்தால் ஒரு பிசிறு தட்டுப்படாது. "அந்தக் காஜாப் பொண்ணுகிட்டயே குடுங்க" என்று வாடிக்கையாளர்கள் கேட்கத் தொடங்கி, கடைசியில் அதுவே அவளுக்குப் பெயராகிவிட்டது.

அவளை எப்படிக் கூப்பிடுவது என்பதுதான் ஆரம்பத்தில் பெரும்பாடாக இருந்தது. தோளைத் தொட்டால் திடுக்கிட்டு ஊசியால் குத்திக்கொள்வாள். பிறகு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். மேஜையின் ஒரு கோடியில் நின்று நான் துணி வெட்டுவேன். மறுகோடியில் முழங்கையை ஊன்றிக்கொண்டு அவள் காஜா எடுப்பாள். உள்ளங்கையால் மேஜையைத் தட்டினால் போதும், நிமிர்ந்துவிடுவாள். ஒரு தட்டு தட்டினால் நூல் கொடு, இரண்டு தட்டினால் இங்கே பார், மூன்று தட்டினால் சாப்பிடலாம் வா. பத்து வருஷமாக அவளோடு அந்தப் பலகை வழியாகத்தான் பேசிக்கொண்டிருக்கிறேன். இதை நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் நான் வைத்துக்கொள்ளவில்லை.

தம்பி வேன் ஓட்டுகிறவன். நூல்கண்டுப் பெட்டி இறக்க வாரத்துக்கு ஒருமுறை கடைக்கு வருகிறவன், திடீரென்று தினமும் வர ஆரம்பித்தான். எனக்குத் தெரியாதா இவன் பவிசு? கேட்டால் டயரில் காற்று குறைகிறது, தண்ணீர் குடிக்க வந்தேன் என்று மழுப்புவான். அவளிடம் கையால் பேசக் கற்றுக்கொண்டான். அவன் விரல்கள் உளறுகிற அழகைப் பார்த்து அவள் துணியை வாயில் அழுத்திக்கொண்டு குலுங்குவாள். நானே முன்னால் நின்று கல்யாணத்தை முடித்துவைத்து, இரண்டு பேரையும் என் வீட்டிலேயே குடிவைத்தேன். சொந்தக்காரர்கள் ஆளுக்கொன்று பேசினார்கள். இவளுக்குப் பிறக்கிறதும் இப்படித்தான் பிறக்கும் என்று எங்கள் சித்தி என் முகத்துக்கு நேராகவே சொன்னாள். அன்றோடு சித்திக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை அற்றுப்போயிற்று.

பெண் குழந்தை பிறந்தது. துணி மூட்டைக்குப் பக்கத்தில் படுக்கவைத்தால் கண்ணுக்கே தெரியாத அளவு இருந்ததால் பொடிசு என்று கூப்பிட்டோம். பொடிசுக்குத் தொட்டில் ஆகவே ஆகாது. நான் ஆட்டினேன், பாடினேன், கிலுகிலுப்பையைக் காட்டினேன், தொண்டை வறண்டதுதான் மிச்சம். காஜா வந்து அவளைத் தூக்கித் தன் மார்பில் குப்புறப் போட்டுக்கொண்டு 'ம்ம்ம்' என்று ஆரம்பித்தாள். கண்ணை மூடித் திறப்பதற்குள் குழந்தை தூங்கிப்போனது. காது கேட்காதவள் பாடுகிறாள், குழந்தை கேட்டுத் தூங்குகிறது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்று அந்த இடத்திலேயே தீர்மானித்துவிட்டேன். உனக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று கையால் கேட்டதற்கு, அவள் அம்மா என்று காட்டி, நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். பாசத்தைச் சொல்கிறாள் என்று நினைத்துச் சிரித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனேன்.

இரண்டாம் மாதம் ஆஸ்பத்திரியில் ஒரு சீட்டுக் கொடுத்தார்கள். தாய்க்குக் காது கேட்காததால் குழந்தைக்கும் ஒரு பரிசோதனை செய்துவிடலாம், இன்ன தேதியில் அழைத்துவாருங்கள் என்று எழுதியிருந்தது. அன்று காஜாவுக்குக் காய்ச்சல், தம்பி வேனோடு வெளியூர் போயிருந்தான். தடுப்பூசி போடப் பொடிசைத் தூக்கிக்கொண்டு போனவள் நான்தான், சீட்டை வாங்கியதும் நான்தான். எனக்குச் சுருக்கென்றது. சித்தி சொன்னதையே இவர்களும் நாகரிகமாகச் சொல்கிறார்கள் என்று பட்டது. சீட்டைக் கொண்டுவந்து கடை மேஜையில் போட்டேன். அன்று சாயங்காலம் பஸ் கண்டக்டர் ஒருவர், மகன் கல்யாணத்துக்குத் தான் போட்டுக்கொள்ள ஒரு கோட்டு வேண்டும் என்று துணியோடு வந்தார். அளவு எழுதுகிற நோட்டு கைக்கு அகப்படவில்லை. அந்தச் சீட்டைத் திருப்பிப் போட்டு எழுதினேன். மார்பு நாற்பது, இடுப்பு முப்பத்தாறு, கை இருபத்துநாலு. துணிக்குள் வைத்துச் சுருட்டிக் கட்டி அலமாரியில் போட்டேன். என்ன காகிதம் என்று தெரியாமல் எழுதிவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசைதான். தெரிந்துதான் எழுதினேன்.

கண்டக்டர் வீட்டுக் கல்யாணம் நின்றுபோனது. அவர் துணியைத் தைக்கவும் சொல்லவில்லை, திருப்பிக் கேட்கவும் இல்லை. மூட்டை அடித்தட்டுக்குப் போய்விட்டது. தம்பி வந்து ஆஸ்பத்திரியில் என்ன சொன்னார்கள் என்று கேட்டபோது, ஏதோ காதுப் பரிசோதனையாம், பாட்டுக் கேட்டுத் தூங்குகிற குழந்தைக்கு அது எதற்கு என்றேன். அவனும் அதற்கு மேல் கேட்கவில்லை. பெற்றவளிடம் நாங்கள் இரண்டு பேரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று மறைக்கவில்லை. கையால் அவ்வளவு நீளமாகச் சொல்லச் சோம்பல்பட்டோம் என்பதுதான் நிஜம், அது இன்னும் கேவலம்.

அதற்குப் பிறகு நான் ஆடிய ஆட்டம் கொஞ்சநஞ்சமில்லை. பொடிசைத் தூங்கவைக்கிற நேரம் பார்த்து யாராவது கடைக்கு வந்தால் உட்கார வைத்துவிடுவேன். "பேசாம பாருங்க, இப்ப அவ பாடுவா, இது கேட்டுக்கிட்டே தூங்கும்" என்பேன். பொத்தான் கடைக்காரர் பார்த்தார், பால்காரி பார்த்தாள், மேல்வீட்டுக்காரரைக்கூட இழுத்துவந்து காட்டினேன். சித்தியின் காதுக்கு இது போய்ச் சேரவேண்டும் என்பதுதான் என் எண்ணம். காஜா எங்களைப் பார்த்து வெட்கப்பட்டுச் சிரிப்பாள், பாட்டை நிறுத்தமாட்டாள். எங்களுக்கு அவள் பாட்டுப் பிடித்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தாள் பாவம்.

பொடிசுக்கு ஒரு வயது தாண்டியும் பேச்சு வரவில்லை. நானே மூன்று வயதில்தான் பேசினேனாம், அதற்குப் பிறகு நிறுத்தவே இல்லை என்று சொல்லித் தம்பியைச் சிரிக்கவைத்தேன். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பமாட்டாள். அழுத்தக்காரி, அத்தையைக் கொண்டு பிறந்திருக்கிறாள் என்றேன். தம்பி அவளை மடியில் வைத்துக்கொண்டு வேனை ஸ்டார்ட் செய்தால் கைகொட்டிச் சிரிப்பாள். பார்த்தாயா, இன்ஜின் சத்தம் கேட்டுச் சிரிக்கிறாள் என்று அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டேன். வீட்டில் மிக்ஸி கீழே விழுந்து உடைந்த அன்று அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் பொத்தான்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். அன்று எனக்கு முதல் தடவையாகப் பயம் வந்தது. யாரிடமும் சொல்லவில்லை. மதியம் காஜா பாடினாள், பொடிசு தூங்கினாள், எனக்கும் பயம் போய்விட்டது. சின்ன வயதில் நம்மைத் தூங்கவைக்கத்தான் தாலாட்டு என்பார்கள். அந்தப் பாட்டு என்னைத்தான் நன்றாகத் தூங்கவைத்தது.

பொடிசுக்கு ஒரு வருஷம் ஏழு மாதம் ஆனபோது கண்டக்டர் திரும்பி வந்தார். மகனுக்கு வேறு இடத்தில் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, அந்தத் துணியைத் தைத்துவிடுங்கள் என்றார். மூட்டை பிரிப்பது எப்போதும் காஜாவின் வேலை. நான் மிஷினில் குனிந்திருந்தேன். மேஜையில் இரண்டு தட்டுக் கேட்டது. கூப்பிடுவது எப்போதும் நான்தான், அவள் தட்டியது அதுதான் முதல் தடவை. நிமிர்ந்தால், சீட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். என் எழுத்து இருந்த பக்கத்தைப் பார்த்தாள், திருப்பினாள், மறுபக்கத்தை முதலிலிருந்து படித்தாள். எட்டாவது படித்தவள். மூட்டையை அப்படியே போட்டுவிட்டு எழுந்துபோய்ப் பொடிசின் பின்னால் நின்றாள். கைதட்ட ஓங்கியவள், தட்டாமலே கையை இறக்கிக்கொண்டாள். தட்டினால் சத்தம் வருமா, எவ்வளவு வரும், அவளுக்கு என்ன தெரியும். என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் போய்த் தட்டியிருக்கலாம். எனக்குக் கை எழவில்லை.

மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்குப் போனோம். தம்பி வேனில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, உள்ளே வர முடியவில்லை அக்கா என்று சொல்லிவிட்டு ஸ்டியரிங்கிலேயே உட்கார்ந்துவிட்டான். பரிசோதனை அறையில் ஒரு பெண் இருந்தாள், என் வயதில் பாதிதான் இருக்கும், பொறுமைசாலி. குழந்தை தானாகத் தூங்க வேண்டும், நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒயர் ஒட்டுவேன், காதில் சத்தம் கொடுப்பேன், அது மூளைக்குப் போய்ச் சேர்கிறதா என்று இந்த மிஷின் கோடு போட்டுக் காட்டும், வலிக்காது என்று விளக்கினாள். சின்ன அறை. இரும்புக் கட்டில், சக்கரம் வைத்த மேஜை, அதன் மேல் மிஷின். காஜா வழக்கம்போலப் பொடிசை மார்பில் போட்டுக்கொண்டு பாடினாள். கதவு மூடிய அந்த அறையில் அவள் குரல் இன்னும் பெரிதாகக் கேட்டது. அந்தப் பெண் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். பொடிசு தூங்கினாள்.

கட்டிலில் கிடத்தி ஒயரை ஒட்டினார்கள். பாட்டை நிறுத்தச் சொல்லுங்கள், மிஷினில் பதிந்துவிடும் என்றாள் அந்தப் பெண். நான் கையைக் காட்டினேன், காஜா நிறுத்திக்கொண்டாள். காதில் செருகிய குழாயிலிருந்து டக் டக் டக் என்று சத்தம் கசிந்தது. இரண்டடி தள்ளி நின்ற எனக்கு முதலில் லேசாகக் கேட்டது. அந்தப் பெண் ஒரு குமிழைத் திருகினாள், இன்னும் கொஞ்சம் பலமாகக் கேட்டது. மறுபடி திருகினாள். சுத்தியலால் தகரத்தில் அடிப்பது மாதிரி எனக்கே காது கூசியது. திரையில் கோடு பேசாமல் கிடந்தது. அந்தப் பிஞ்சுக் காதுக்குள் அவ்வளவு சத்தம் போகிறது, பொடிசு உதடு லேசாகத் திறந்தபடி அசந்து தூங்குகிறாள்.

இத்தனை நாளாக அவள் தூங்கட்டும் என்று எல்லோரையும் பேசாமலிருக்கச் சொன்னவள் நான். இப்போது எழுந்துவிடு, எழுந்து வீறிட்டு அழு, ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்க்கிற மாதிரி அழு என்று மனதுக்குள் கெஞ்சினேன். சத்தமாகச் சொன்னாலும் ஒன்றும் ஆகியிருக்காது. காஜா திரையைப் பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முடித்துவிட்டு எழுந்தபோது அந்தப் பெண்ணின் முழங்கால் கட்டில் காலில் லேசாக இடித்தது. பொடிசு உடனே திடுக்கிட்டு விழித்துக்கொண்டாள். எனக்கு என் வெட்டுமேஜை கண்ணில் வந்து நின்றது. ஒரு தட்டு, இரண்டு தட்டு, மூன்று தட்டு. குழந்தை பாட்டைக் கேட்கவே இல்லை, அம்மாவின் மார்பு அதிர்ந்ததில் தூங்கியிருக்கிறாள். தாய்க்கும் பாட்டு என்றால் எப்போதுமே அதுதானே. அவள் அம்மா என்று காட்டி நெஞ்சில் கை வைத்துச் சொன்னது அதைத்தானே. பத்து வருஷம் மேஜையைத் தட்டியவளுக்கு இது தெரியவில்லை என்றால் யாரைச் செருப்பால் அடிப்பது.

டாக்டரம்மா நல்லவர். இரண்டு காதும் கேட்கவில்லை, கருவி பொருத்திப் பார்க்கலாம், செய்து வரப் பத்து நாளாகும் என்றார். சத்தம் இருக்கிறது என்று மூளை பழக வேண்டும், பழகலாம், இவ்வளவு நாள் கழித்து எவ்வளவு பழகும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். பிறகு, ஆறு மாதத்துக்குள் ஏன் கொண்டுவரவில்லை, பிறந்தபோது உங்களுக்கு யாரும் சொல்லவில்லையா என்று கேட்டார். அந்த வாயசைப்பைக் காஜா படித்துவிட்டாள் போலிருக்கிறது. பையிலிருந்து சீட்டை எடுத்து நீட்டினாள். டாக்டரம்மா தேதியைப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார்.

"இது என்னம்மா, மார்பு நாற்பது, இடுப்பு முப்பத்தாறு?"

தெருவையே வாயால் விலைக்கு வாங்குகிறவள் நான். "என் கையெழுத்துதாங்க" என்று மட்டும் சொன்னேன். அவர் வேறொன்றும் கேட்கவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்தபிறகு காஜா என்னைத் திட்டுவாள், மேஜையைக் கவிழ்ப்பாள், தம்பியைக் கூட்டிக்கொண்டு வீட்டைவிட்டுப் போவாள் என்று என்னென்னவோ எதிர்பார்த்தேன். அவள் கண்டக்டர் கோட்டுக்குக் காஜா எடுக்க உட்கார்ந்தாள். மதியம் பொடிசு வந்து வழக்கம்போல அம்மாவின் மார்பைத் தட்டினாள். தூக்கம் வந்தால் அவள் கேட்கிற விதம் அதுதான். காஜா அந்தச் சின்னக் கையைப் பிடித்து இறக்கிவிட்டாள். குழந்தை மறுபடி தட்டியது, அவள் மறுபடி இறக்கிவிட்டாள். அழுது அழுது பொடிசு துணிக் குவியலிலேயே சுருண்டுவிட்டாள்.

இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் என்னால் தாங்க முடியவில்லை. மேஜையைத் தட்டிக் கூப்பிட்டு, பாடு, தப்பு என்னுடையது, எல்லாம் நான் செய்தது என்று எனக்குத் தெரிந்த கைபாஷையில் சொன்னேன். பாதி தப்பாகத்தான் வந்திருக்கும். அவள் இல்லை என்று தலையாட்டினாள். தன் தொண்டையைத் தொட்டாள். பிறகு ஒரு விரலை உதட்டின் குறுக்கே இழுத்தாள். பொய் என்பதற்கு எங்கள் கடையில் அதுதான் அடையாளம். பிறகு என் காதைக் காட்டினாள், என் கண்ணைக் காட்டினாள். என் பாட்டு பொய் சொல்லிவிட்டது, அதைக் கேட்டுத்தான் நீங்கள் எல்லோரும் நம்பினீர்கள் என்கிறாள். பழியை என்னிடமிருந்து பிடுங்கித் தன் பாட்டின் மேல் போட்டுக்கொண்டாள். அளவு தப்பி வெட்டிய துணியை ஒட்டுப்போட்டு எப்படியாவது சரிக்கட்டுகிறவள் நான். இதற்கு ஒட்டுப்போட எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை. தம்பி சொல்லிப் பார்த்தான், கெஞ்சிப் பார்த்தான். அவனிடமும் அதே தலையாட்டல்தான்.

நானே பொடிசைத் தூக்கி என் மார்பில் போட்டுக்கொண்டு அந்த 'ம்ம்ம்'மைப் போட்டுப் பார்த்தேன். தலையைத் தூக்கி என் வாயைப் பார்த்தாள், என் நெஞ்சில் கன்னத்தை வைத்தாள், கொஞ்சம் பொறுத்தாள். பிறகு சறுக்கி இறங்கி அம்மாவிடம் போய்விட்டாள். என் குரல் தொண்டையோடு நின்றுவிடுகிறது. கத்திப் பேசியே பழகிய குரல்.

நேற்று, கருவி வர இன்னும் ஐந்து நாள் இருக்கும்போது, மதியம் மிஷினில் உட்கார்ந்திருந்தேன். கரண்ட் போய்விட்டது. மோட்டார் நின்றதும்தான் அது கேட்டது. மேல்வீட்டுக்காரர்தான் குறட்டை விடுகிறாரோ என்று முதலில் நினைத்தேன். இல்லை, காஜாவின் பாட்டு. அதே 'ம்ம்ம்', நடுவில் அதே இரண்டு விக்கல், ஆனால் மெல்லிசாக. காஜா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள், உதடு மூடியிருந்தது. அவள் முதுகுக்குப் பின்னால் பொடிசு துணிக் குவியலில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். தன் கையைத் தன் நெஞ்சிலேயே அழுத்தி வைத்துக்கொண்டு, கண் செருகப் பாடிக்கொண்டிருந்தாள்.

பாடுகிறவளுக்கும் அது கேட்காது, அம்மாவுக்கும் கேட்காது. அந்த அறையில் கேட்டவள் நான் ஒருத்திதான். எனக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. மேஜையைத் தட்ட மறந்துபோய் எழுந்துபோனேன். காஜாவின் கையைப் பிடித்து, ஊசியை வாங்கி வைத்துவிட்டு, அந்தக் கையைப் பொடிசின் முதுகில் வைத்தேன்.

அவள் உடம்பு ஒரு தடவை தூக்கிப் போட்டது. என்னைப் பார்க்கவில்லை, குழந்தையின் வாயைத்தான் பார்த்தாள். பொடிசு தூங்கிப்போகும்வரை கையை எடுக்கவில்லை. நேற்றும் அவள் பாடவில்லை.